அத்தை வீட்டுத் தொட்டியில் இருப்பது பிரம்ம கமலம் இல்லை

முதல் நாள், ஜோஷிமட்

ரிஷிகேஷிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரவு ஏழே காலுக்கு இங்கே வந்து சேர்ந்தோம். தூரம் என்னவோ 250 கிலோமீட்டர்தான். ஆனால் ஆகஸ்ட் மழையில் இந்த ரோட்டில் கிலோமீட்டருக்கு மதிப்பே கிடையாது. மலை எங்கே சரிந்து கிடக்கிறது, ஜேசிபி எப்போது வரும், இதுதான் கணக்கு. கர்ணப்பிரயாகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். வண்டிக்காரர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். இறங்கி நின்று கல் உருளுவதை வேடிக்கை பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான், அதாவது நானும், கல்லூரி நாளிலிருந்து நான் இழுக்கிற இடத்துக்கெல்லாம் வந்து மாட்டிக்கொள்கிற நண்பனும்.

மழைக்காலத்தில் எதற்கு மலைக்குப் போகிறாய் என்று வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. பூ பார்க்க. அது மழைக்காலத்தில்தான் பூக்கும், நான் என்ன செய்ய?

இந்தக் கதை அத்தையிடமிருந்து தொடங்குகிறது. அத்தை வீட்டு மொட்டை மாடியில் ஒரு தொட்டி. அதில் இலையா தண்டா என்று சொல்ல முடியாத தட்டைத் தட்டையான பச்சைப் பட்டைகள், நாலா பக்கமும் தொங்கிக்கொண்டு. வருஷம் முழுக்க யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மொட்டு விட்டுவிட்டால் போதும், தெருவுக்கே தகவல் போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அது விரிய விரிய, கூடி நிற்கும் பத்துப் பேரும் கற்பூரம் காட்டி, உள்ளே அனந்தசயனம் தெரிகிறது பார், பிரம்மா உட்கார்ந்திருக்கிறார் பார் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். விடிவதற்குள் பூ துவண்டு தொங்கிவிடும். நானும் அரைத் தூக்கத்தில் எழுந்து போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டவன்தான்.

அது கள்ளி. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் காட்டு மரங்களில் தொற்றி வளர்கிற கள்ளி. நிஷாகந்தி என்று அழகான பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதும். பிரம்ம கமலம் என்ற பெயருக்கு உரிய செடி வேறு. அது இமயமலையில், ஏறக்குறைய 3,700 மீட்டருக்கு மேலே, பாறைச் சரிவுகளில் வளர்கிறது. தாமரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கள்ளிக்கும் சம்பந்தமில்லை. சாமந்தி, சூரியகாந்தி குடும்பம். உத்தராகண்டின் மாநிலப் பூ. 1982-ல் தபால்தலையில்கூட வந்திருக்கிறது.

இதை அத்தையிடம் சொன்னேன். "நாப்பது வருஷமா கற்பூரம் காட்டிட்டிருக்கேன், இப்ப வந்து கள்ளிங்கிற" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, நெஜப் பூன்னு ஒண்ணு இருந்தா ஒண்ணே ஒண்ணு பறிச்சுட்டு வா, சாமிக்கு வைக்கிறேன்" என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வழியில் தேவப்பிரயாகையில் டீக்கு நின்றோம். பாகீரதி ஒரு நிறம், அலகநந்தா ஒரு நிறம், சேர்ந்த பிறகு கங்கை. பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று பாடியது இந்த ஊரைத்தான். ஜோஷிமட்டும் அப்படித்தான், திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதி இது என்பார்கள். 2023 ஜனவரியில் இந்த ஊர்தான் மண் இறங்கி, வீடு வீடாக விரிசல் விட்டுச் செய்தியில் அடிபட்டது. எங்கள் அறைச் சுவரிலும் மூலையிலிருந்து ஒரு கோடு ஓடுகிறது. பழைய கோடா புதிய கோடா என்று நண்பன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், காங்கரியா

நேற்று எழுதியதைக் காலையில் சிக்னல் இருந்தபோது போட்டுவிட்டேன். இனிமேல் எப்போது முடியுமோ அப்போது.

ஜோஷிமட்டிலிருந்து விஷ்ணுபிரயாகை வரை ரோடு கிடுகிடுவென்று இறங்குகிறது, அப்புறம் அலகநந்தாவை ஒட்டிக்கொண்டே கோவிந்த்காட். பத்ரிநாத் போகிறவர்கள் நேராகப் போய்விடுவார்கள். ஹேம்குண்ட் சாஹிப் போகும் சீக்கியர்களும், எங்களைப் போன்ற பூப் பைத்தியங்களும் ஆற்றைத் தாண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். ஜீப் 4 கிலோமீட்டர், புல்னா வரை. அதற்கு மேல் நடை, ஒன்பது பத்து கிலோமீட்டர். கோவிந்த்காட் இருப்பது 1,800 மீட்டர் சொச்சத்தில், காங்கரியா 3,050-ல். இடையில் இருக்கிற அத்தனை மீட்டரையும் என் முழங்கால் தனித்தனியாக எண்ணியது.

பாதை கல் பாவிய நல்ல பாதைதான். ஆனால் அது நமக்கு மட்டும் போட்டதில்லை. கோவேறு கழுதைகள் வரிசையாக வரும், 'ஓரம், ஓரம்' என்று பின்னால் குரல் வரும், ஒதுங்கும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கம் ஒதுங்கத் தெரிய வேண்டும். நடக்க முடியாதவர்களைக் கூடையில் உட்கார வைத்து முதுகில் சுமந்துகொண்டு போகிறார்கள், பெரும்பாலும் நேபாளத்துக்காரர்கள். அந்தக் கூடைக்குக் கண்டி என்று பெயர். எண்பது கிலோ ஆள் ஒருவர் கண்டியில் உட்கார்ந்து போனில் படம் பார்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். சுமந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். நான் ஒரு பையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டியாக ஒரு பையன் கிடைத்தான், இருபத்திரண்டு வயசிருக்கும். இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கும் பியூண்டார் கிராமத்துக்காரன். 2013 ஜூன் வெள்ளத்தில் ஊரை ஆறு கொண்டுபோய்விட்டது. பாதை அந்த இடத்தைக் கடக்கும்போது கையை நீட்டி, "இங்கேதான்" என்றான். நீட்டிய இடத்தில் வீடு வீடாகப் பாறைகள், நடுவில் தண்ணீர். அவன் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என்ன பார்க்க வந்தீர்கள் என்று கேட்டான். பிரம்ம கமல் என்றேன். "அப்படியானால் நாளைக்கு ஏமாந்து போவீர்கள் சார்" என்றான் இந்தியில், சாதாரணமாக. நாளைக்குப் போவது பூப் பள்ளத்தாக்கு, அங்கே நடக்கிற பாதையில் அது கண்ணில் படாது, மறுநாள் ஹேம்குண்ட் ஏறும்போதுதான், அதுவும் கடைசி ஏற்றத்தில்தான். அவர்கள் அதைக் கௌல் பத்ம் என்கிறார்கள்.

இனி ரெயின்கோட் புராணம். ரிஷிகேஷில் வாங்கினேன். "பக்கா வாட்டர்ப்ரூஃப், கேரண்டி" என்றார் கடைக்காரர். மூன்றாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது. நாலாவது கிலோமீட்டரில் தோள் தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி முழங்கையில் தேங்கியது, கையைத் தொங்கப் போட்டால் விரல் நுனியில் குழாய் மாதிரி ஒழுகியது. வெளியில் நனைந்ததைவிட உள்ளே நனைந்தது அதிகம். ஓர் ஆளை நனைக்காமல் வைப்பது அவ்வளவு பெரிய கம்பசூத்திரமா என்று திட்டிக்கொண்டே காங்கரியா வந்து சேர்ந்தேன். வெந்நீர் உண்டு என்று சொல்லித்தான் அறை கொடுத்தார்கள். வாளியில் விரலை விட்டுப் பார்த்தேன், எந்தப் பொருளில் சொன்னார்களோ.

மூன்றாம் நாள், பூப் பள்ளத்தாக்கு

காலை ஏழு மணிக்கு வனத்துறை கேட் திறக்கிறார்கள். பெயர் எழுதி, அனுமதிச் சீட்டு வாங்கி, உள்ளே போய்விட்டு மாலை ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே தங்கக் கூடாது. புஷ்பாவதி ஆற்றைப் பாலத்தில் தாண்டி, பூர்ஜ மரக் காட்டுக்குள் ஓர் ஏற்றம். ஓலைச்சுவடி போல் வடக்கே எழுதப் பயன்பட்ட பூர்ஜ பத்திரம் இந்த மரத்துப் பட்டைதான். தாள் தாளாக உரிந்து காற்றில் படபடக்கிறது. ஏற்றம் முடிந்ததும் சட்டென்று பள்ளத்தாக்கு திறக்கிறது.

அழகை வர்ணித்து ஒரு பத்தி எழுதலாம், எழுதப் போவதில்லை. பாதி நேரம் மேகம்தான். மேகம் விலகிய பாதி நேரத்தில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் காசித்தும்பை, இளஞ்சிவப்பு. நம் தோட்டத்துக் காசித்தும்பையின் அண்ணன். காயைத் தொட்டால் அதே மாதிரி படக்கென்று வெடித்து விதை தெறிக்கிறது. தொட்டுத் தொட்டு வெடிக்க விட்டுக்கொண்டிருந்த நண்பனைப் பையன் அடக்க வேண்டியிருந்தது.

1931-ல் ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறி, 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பும்போது பியூண்டார் கணவாயைத் தாண்டி இங்கே வந்து இறங்கினார். பார்த்த பூக்களை மறக்க முடியாமல் 1937-ல் மறுபடியும் வந்து தங்கி, செடி சேகரித்து, புத்தகமும் எழுதினார். அவர்தான் 'கண்டுபிடித்தார்' என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். பையனிடம் சொன்னேன். "எங்கள் தாத்தா அப்போது இங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்திருப்பார், அவரை யாரும் கேட்கவில்லை" என்றான். 1982-ல் தேசியப் பூங்கா ஆனதும் மேய்ச்சல் நின்றது. ஆடு போனதும் அமேலா என்கிற உயரமான ஒரு செடி தடுப்பாரில்லாமல் பரவி, மற்ற பூக்களை அமுக்க ஆரம்பித்ததாம். வனத்துறை ஆள் வைத்து அதைப் பிடுங்குகிறது, நாங்களே பார்த்தோம், ஒரு பெரிய வட்டம் மொட்டையாகக் கிடந்தது. ஆடு சும்மா செய்ததை இப்போது சம்பளம் கொடுத்துச் செய்கிறார்கள் என்பது பையனின் கட்சி. இதில் எதிர்க்கட்சியும் உண்டு, ஆடு பூவையும் சேர்த்துத்தானே தின்னும் என்று. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள், இனி ஆடு வருவதற்கில்லை.

பையன் சொன்னது போலவே பிரம்ம கமலம் இல்லை. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் ஏராளம். ஊதா இதழும் மஞ்சள் நடுவுமாக ஆஸ்டர்கள், காய்ந்த காகிதம் போல் மொரமொரவென்று வெள்ளைப் பூக்கள், பாறை ஓரத்தில் எடெல்வைஸ். ஐரோப்பியர்கள் ஆல்ப்ஸ் மலையில் கொண்டாடுகிற எடெல்வைஸின் இமயமலைப் பங்காளி. கட்டைவிரல் அளவுதான், வெள்ளைக் கம்பளியில் வெட்டிய நட்சத்திரம் மாதிரி. முட்டி போட்டுப் பார்த்தால் அந்த நட்சத்திரக் கைகள் இதழே இல்லை, ரோமம் மூடிய இலைகள். நிஜப் பூக்கள் நடுவில் கடுகு கடுகாக, மங்கலான மஞ்சளில்.

இந்தக் குடும்பமே ஒரு கூட்டுக் குடும்பம். சாமந்தியில் ஒற்றை இதழைப் பிய்த்து அடியைப் பாருங்கள், அங்கே தனியாக ஒரு குட்டிச் சூலகம் இருக்கும். நாம் இதழ் என்று பிய்த்துப் போடுவது ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. நூறு பூ சேர்ந்து ஒரே பூ மாதிரி வேஷம் போடுகிறது. வயல் வரப்பில் மிதிபடுகிற கரிசலாங்கண்ணியும் வெட்டுக்காயப் பூண்டும் இதே குடும்பம்தான், இதே வேஷம்தான்.

திரும்புவதற்கு முன் ஜோன் மார்கரெட் லெக் கல்லறைக்குப் போனோம். 1939-ல் செடி சேகரிக்க இங்கிலாந்திலிருந்து தனியாக வந்த பெண்மணி. ஐம்பதைத் தாண்டிய வயது. ஜூலை 4 அன்று பாறைச் சரிவில் பூ பறிக்கும்போது வழுக்கி விழுந்து இறந்துபோனார். இங்கேயே அடக்கம் செய்தார்கள், பிறகு அவருடைய சகோதரி வந்து கல் வைத்தார். கல்லில் சங்கீதம் 121. நண்பன் கிறிஸ்தவன், முதல் வரியைத் தமிழில் மெல்லச் சொன்னான். யாரோ ஒரு பிடி காட்டுப் பூவைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பறிக்கக் கூடாத இடத்தில் பறித்த பூ. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

நான்காம் நாள், ஹேம்குண்ட்

ஐந்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் கிளம்பினோம். 6 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேலே காற்றில் நமக்குப் பழகிய பிராணவாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கிடைக்கும். பத்து அடி வைத்து நிற்பது, இருபது மூச்சு விடுவது, மறுபடி பத்து அடி. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு பாட்டி, என் அம்மாவைவிட மூத்தவர், வெறுங்காலோடு 'வாஹே குரு, வாஹே குரு' என்று ஒரே சீராக என்னைத் தாண்டிப் போனார். தாண்டும்போது "புத்தர், புத்தர்" என்று என் கையில் ஒரு பிடி குளுக்கோஸ் பொடியைக் கொட்டினார். மலை உச்சியில் புத்தரை எதற்குக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் விழித்தேன். பஞ்சாபியில் மகனே என்று அர்த்தமாம்.

மரங்கள் முடிந்தன. புல்லும் பாறையும் மட்டும். மழை தூறலாகி, தூறல் மேகமாகி, மேகம் எங்களைச் சுற்றி நின்றுகொண்டது. முதலில் பார்த்தது நீல பாப்பி. கசகசாச் செடியின் உறவு, தண்டெல்லாம் முள், மேலே மெல்லிய பட்டுத்துணி மாதிரி வானத்து நீலம். சாதாரண நாளாக இருந்தால் அதற்கே ஒரு பதிவு போட்டிருப்பேன்.

அப்புறம் பையன் நின்று, மேலே பாறை இடுக்கைக் காட்டினான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் தோன்றியது முட்டைக்கோஸ். யாரோ நாலைந்து முட்டைக்கோஸை மலைச் சரிவில் நட்டுவிட்டு மறந்துபோன மாதிரி. இதற்கா மூன்று நாள் என்று நண்பன் வாய் விட்டே சொல்லிவிட்டான். பையன் பதில் சொல்லாமல், செடியை மிதிக்காமல் எங்கே கால் வைக்கலாம் என்று கல் கல்லாகக் காட்டினான். நான் ஒரு செடிக்குப் பக்கத்தில் போய் முட்டி போட்டேன்.

ஒரு முழம் உயரம். தண்டு விரல் பருமன், ஓரங்களில் பல் வெட்டிய நீள இலைகள். உச்சிக்குப் போகப் போக இலைகள் நிறம் வெளுத்து, மெலிந்து, எண்ணெய்த்தாள் பதத்துக்கு வந்து, மஞ்சளும் பச்சையும் கலந்த வெள்ளையில், ஒன்றின் மேல் ஒன்று கவிந்து, குளிருக்குக் கூப்பிய இரண்டு கை போலக் குவிந்திருக்கின்றன. ஒளி ஊடுருவுகிறது. பின்னால் வெளிச்சம் இருந்த பக்கம் நரம்பு வலை முழுக்கத் தெரிந்தது. தூரத்திலிருந்து தாமரை இதழ் என்று தோன்றுவது இதுதான், இது இதழ் இல்லை. நம் வீட்டு வாசலில் காகிதப்பூவில் சிவப்பாக இருப்பது எப்படி இலையோ அப்படி இதுவும் இலை. பூ உள்ளே இருக்கிறது. இரண்டு மடல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். கருஞ்சிவப்பும் ஊதாவுமாக ஏழெட்டு உருண்டைகள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கின ஆட்டுக்குட்டிகள் மாதிரி. ஒவ்வோர் உருண்டையிலும் ஊசி ஊசியாகக் குட்டிப் பூக்கள். எண்ணிப் பார்க்க நினைத்தபோது உள்ளேயிருந்து ஒரு குண்டு ரோமத் தேனீ, உடம்பெல்லாம் மகரந்தமாக, அவசரமே இல்லாமல் ஏறி வெளியே வந்து, மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் கவனித்தேன். மடலின் வெளிப்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு வழிகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. நான் குனிந்திருந்ததில் என் ரெயின்கோட்டுக்குள் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கேரண்டி கொடுத்தவரை நினைத்துக்கொண்டேன்.

மழை மட்டும் இல்லை. இந்த உயரத்தில் வெயில் அடித்தாலும் ஆபத்து, அடிக்காவிட்டாலும் ஆபத்து. குளிர் மகரந்தத்தைக் கெடுக்கும், புற ஊதாக் கதிர் இன்னொரு பக்கம் கெடுக்கும். இந்த மடல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, புற ஊதாவை வடிகட்டுகிறது. இப்படிப்பட்ட செடிகளுக்குத் தாவரவியலில் கண்ணாடி வீட்டுச் செடிகள் என்றே பெயர். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. இந்தச் செடியின் தாவரவியல் பெயர் சாசூரியா ஆப்வலாட்டா. முதல் பாதி ஜெனீவாவைச் சேர்ந்த சாசூர் என்ற விஞ்ஞானியின் பெயர், அப்பா மகன் இருவரையும் கௌரவித்து வைத்தது. அப்பா சாசூர் மலைப் பைத்தியம். மோன் பிளாங்க் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று 1760-ல் அறிவித்து, கடைசியில் 1787-ல் தானே ஏறியவர். அதே ஆள் 1767-ல் பெட்டிக்குள் பெட்டியாகக் கண்ணாடி போட்டு, வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து, பழம் வேகும் அளவுக்குச் சூடாக்கிக் காட்டியவர். சூரிய அடுப்புகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன். அந்தப் பெட்டியை மனதில் வைத்துச் செடிக்குப் பெயர் வைத்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் பெயர் பொருந்தி உட்கார்ந்துவிட்டது.

வாசனை? மல்லிகை ரகம் இல்லை. ஈரக் கம்பளியும் ஏதோ கசப்பு மூலிகையும் கலந்த ஒரு கனத்த நெடி. ஒரு நிமிஷத்துக்கு மேல் முகத்தை வைத்திருந்தால் தலையைப் பிடிக்கிறது. அதில் பாதி உயரத்தின் வேலையாகவும் இருக்கலாம்.

பல்லாண்டுச் செடி இது. பனி விழுந்ததும் மேலே இருப்பதெல்லாம் கருகி மடிந்துவிடும், கற்களுக்கு அடியில் கெட்டியான கிழங்குத் தண்டு மட்டும் மாதக்கணக்கில் பனிக்குக் கீழே படுத்திருக்கும், கோடையில் மறுபடி முளைக்கும். "எங்கள் பாட்டி காயத்துக்கு இதன் வேரை அரைத்துப் போடுவாள்" என்றான் பையன். நாட்டு மருந்தில் கோஷ்டம் என்று ஒரு வேர் வருமே, அதுவும் இதே சாசூரியா இனம்தான், வேறு செடி. காட்டில் தோண்டித் தோண்டியே அதை அருகிப்போகச் செய்து, இப்போது சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் ஆயிரத்துச் சொச்சம் கல் படிகள். இருநூறோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். படிகளின் இரண்டு பக்கமும் பிரம்ம கமலம், இப்போது ஒன்றிரண்டு இல்லை, கூட்டம் கூட்டமாக. கை எட்டாத பாறைகளில்தான் கூட்டம். கை எட்டும் தூரத்தில் இருந்த செடிகளில் பாதிக்கு மேல் தலை இல்லை, வெறும் தண்டு. முறித்த இடம் இன்னும் பச்சையாக இருந்தது.

மேலே ஏரி. ஏழு சிகரங்களுக்கு நடுவில், குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்ததாகச் சீக்கியர்கள் நம்பும் இடம். ஏரியைப் பத்து நிமிஷம் பார்த்தோம், மீதி நேரம் மேகத்தைப் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் ஆட்கள் முங்கி எழுகிறார்கள், பார்க்கவே எனக்குப் பல் கிட்டியது. குருத்வாராவில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும். அந்த டீயைப் பற்றி நான் ஒரு காவியம் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். இரவு தங்க அனுமதியில்லை, இரண்டு மணிக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

ஏரிக்கரையில் லட்சுமணன் கோயில் ஒன்று உண்டு, சின்னது. சந்நிதியில் பிரம்ம கமலங்கள் வைத்திருந்தார்கள். கேதார்நாத்திலும் ஆடி ஆவணியில் இதுதான் விசேஷப் பூ. பையன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். அவன் ஊர்ப் பக்கத்துக் கணக்கு வேறு என்றான். நந்தா அஷ்டமிக்கு முன்னால் யாரும் இந்தப் பூவில் கை வைக்கக் கூடாது. அன்றைக்கும் எல்லோரும் போய்ப் பறிக்க முடியாது, ஊர் சார்பில் சிலர் மட்டும், வெறுங்காலோடு, நந்தாதேவிக்கு என்று வேண்டிக்கொண்டு போவார்கள். அதற்குள் முதலில் பூத்ததெல்லாம் விதை விட்டிருக்கும். "பெரியவர்கள் விதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை சார், தேவி கோபிப்பாள் என்றுதான் சொன்னார்கள்" என்றான்.

இறங்கும்போது முன்னால் போன ஒருவர் பாலிதீன் பைக்குள் மூன்று பூவைத் திணித்து வைத்திருந்தார். வீட்டுப் பூஜை அறைக்காம். பைக்குள் ஆவி படிந்து மடல்கள் அதற்குள்ளேயே பழுப்பேறத் தொடங்கியிருந்தன. பையன் அவரிடம் இந்தியில் ஏதோ மரியாதையாகத்தான் சொன்னான். அவர் "ஒன்றே ஒன்று சாமிக்குத்தானே" என்றார். மூன்று இருந்தது. எனக்கு அந்த வசனம் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது, நான் ஒன்றும் பேசவில்லை.

ஐந்தாம் நாள், மறுபடி ஜோஷிமட்

ஏறுவதைவிட இறங்குவது கொடுமை என்று சொன்னவர்கள் எல்லோரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். புல்னாவில் ஜீப்பில் ஏறி உட்கார இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ரெயின்கோட்டைப் பையனிடம் கொடுத்தேன், கழுதைச் சுமைக்கு மேல் போர்த்த ஆகும் என்று வாங்கிக்கொண்டான். கழுதைக்காவது பயன்படட்டும். வெயில் அடித்தது, நாங்கள் கிளம்புகிற அன்றைக்கென்று.

சாயங்காலம் ஜோஷிமட்டில் சிக்னல் முழுசாக வந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன்.

"பூ எங்கடா?"

"அங்கேயே இருக்கு அத்தை."

"பறிக்கலையா?"

"போட்டோ எடுத்திருக்கேன். அனுப்புறேன்."

அனுப்பினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மூச்சுச் சத்தம் கேட்டது. "இது என்னடா கோஸ் மாதிரி இருக்கு" என்றாள். உள்ளே இருக்கிறதுதான் பூ, வெளியே இருப்பது இலை என்று விளக்க ஆரம்பித்தேன், மழை, தேனீ, கண்ணாடி வீடு, எல்லாம். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"வாசனை எப்படி?"

"சுமார்தான் அத்தை. உங்க கள்ளிக்குக் கிட்டக்கூட வராது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் குரலில் ஒரு குஷி. "நேத்து ராத்திரி மூணு பூத்துச்சுடா. தெருவே வந்திருந்தது. நீதான் இல்லாமப் போயிட்ட."